பழைய காருக்குப் பழைய இன்ஜின்: லாபமா, வம்பா? சேலம், நாமக்கல் கார்காரர்களுக்கு ஒரு விளக்கம்

காலை 7 மணிக்கு ராசிபுரம் பக்கம் இருந்து மல்லூர் வழியாக சேலத்துக்கு வரும் கார்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். புது எஸ்.யு.வி.க்களுக்கு நடுவே 12, 15 வயதான சின்ன கார்களும் நிறைய வரும். வேலைக்குப் போகிறவர்கள், காலேஜில் பாடம் எடுக்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று பலருக்கும் அந்தக் கார்தான் தினசரி வண்டி.

அதில் ஒன்று உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம். கொஞ்ச நாளாகவே பின்னால் நீலப் புகை. ஏத்தத்தில் இழுக்க மாட்டேன் என்கிறது. ஆயிலை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பட்டறையில் விட்டால், மெக்கானிக் பார்த்துவிட்டு சொல்கிறார்: "கம்ப்ரஷன் போயிருச்சுங்க. இன்ஜின் வேலை செஞ்சாத்தான் ஆகும்." அடுத்த வாக்கியமும் உடனே வருகிறது: "இல்லீனா ஒரு செகண்ட்ஸ் இன்ஜின் இருக்குதுங்க. எறக்கி மாட்டிறலாம். ரெண்டே நாள்ல வண்டி கைக்கு வந்துரும்."

விலையும் புது இன்ஜினில் ஒரு பங்குதான். உடனே தலையாட்டத் தோன்றும். ஆனால் இந்த முடிவு இன்ஜின் விலையோடு நிற்பதில்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., நாளைக்கு வண்டியை விற்பது என எல்லாமே அந்த இன்ஜின் மேல் பொறித்திருக்கும் ஒரு எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணைக் கேட்காமல் வாங்கினால், மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகமாகச் செலவழிக்க வேண்டிவரலாம்.

எப்போது பழைய இன்ஜின் சரி, எப்போது வேண்டாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில்: இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா?

நிறையப் பேர் இங்கேயே அவசரப்படுகிறார்கள். புகையின் நிறம் ஓரளவு சொல்லிவிடும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. கறுப்புப் புகைக்காக யாரும் இன்ஜினை மாற்றத் தேவையில்லை.

நீலப் புகையிலும் இரண்டு விதம் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். அது சின்ன வேலை. ஓடும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கோ, சிலிண்டர் போரோ தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதை உறுதி செய்ய ஒரு நல்ல வழி கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 150 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்திலோ, மேலோ காட்டும். எல்லா சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 100-க்குக் கீழே இறங்கினால் பிரச்சினை அங்கே இருக்கிறது. அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங், போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இரண்டாவது என்றால், ஹெட்டை மட்டும் கழற்றிச் சரி செய்தாலே போதும்.

இந்த டெஸ்ட்டைச் செய்யாமல் "இன்ஜின் போச்சு" என்று யாராவது சொன்னால், இன்னொரு பட்டறையில் ஒரு தடவை காட்டுவது நல்லது.

நம்ம ஊரில் இன்ஜின் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

கிலோமீட்டர் ஒரு காரணம். தினமும் போக வர 100 கிலோமீட்டர் ஓடும் வண்டி, வருஷத்துக்கு 30 ஆயிரம் கிலோமீட்டரைத் தொட்டுவிடும். 10 வருஷத்தில் 3 லட்சம்.

இன்னொரு காரணத்தை நாமே உண்டாக்குகிறோம். அது ரேடியேட்டரில் ஊற்றும் தண்ணீர். சேலம், நாமக்கல் சமவெளியில் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினத் தன்மை அதிகம் உள்ள உப்புத் தண்ணீர். வீட்டில் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு இன்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் வழிகளிலும், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். சூடு வெளியேறாது. ஏப்ரல், மே வெயிலில் ஏ.சி. போட்டுக்கொண்டு போகும்போது டெம்பரேச்சர் முள் ஏறும். இரண்டு தடவை ஓவர் ஹீட் ஆனால் போதும், அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

போர் தண்ணி ஊத்தினா போர் போயிரும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும் உண்மை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரேடியேட்டர் அடைப்பைச் சரி செய்யாமல் இன்ஜினை மட்டும் மாற்றினால், புதிதாக வந்த இன்ஜினுக்கும் அதே கதிதான்.

மூன்று வழிகள்

போர் தேய்ந்தது உறுதியாகிவிட்டால், உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் மூலம் புது இன்ஜின் அல்லது புது பிளாக். தரத்துக்குக் கவலை இல்லை, பில்லும் வரும். ஆனால் பழைய சின்ன காரின் விலையையே எட்டிப் பிடிக்கும் அளவுக்குச் செலவாகும்.

இரண்டு, உங்கள் இன்ஜினையே பிரித்து வேலை செய்வது. பிளாக்கை லேத்துக்கு அனுப்பி போர் போடுவார்கள், அல்லது ஸ்லீவ் இறக்குவார்கள். ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், பேரிங், கேஸ்கெட் செட் எல்லாம் போட்டு மறுபடி பூட்டுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

மூன்று, வேறொரு காரில் இருந்து கழற்றிய இன்ஜினை வாங்கி மாட்டுவது. விலை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும்.

செலவுக் கணக்கு: விட்டுக்கொண்டே ஓட்டினால் என்ன?

எதுவும் செய்யாமல் ஓட்டுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொள்வோம். நல்ல நிலையில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, இப்போது 14 கொடுக்கிறது. முன்பு 139 லிட்டர் போதும், இப்போது 179 லிட்டர் வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாக வைத்தாலும் மாதம் 4,000 ரூபாய் கூடுதல். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தால், அதில் இன்னொரு ஆயிரம் ரூபாய். ஆக மாதம் 5,000 ரூபாய் புகையாகப் போகிறது.

இப்போது பழைய இன்ஜின் பக்கம். ஒரு உதாரணத்துக்கு இன்ஜின் விலை 35 ஆயிரம் என்று போடுவோம். இதில் உங்கள் ஊர் விலையை நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கி ஏற்றும் கூலி 10 ஆயிரம். இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட் அல்லது செயின், வாட்டர் பம்ப், ஆயில் சீல், மவுன்டிங் பார்த்துவிட வேண்டும். ஆயில், கூலன்ட்டும் புதிதாக ஊற்ற வேண்டும். அதற்கு 12 ஆயிரம். ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் வேலைகளுக்கு 3 ஆயிரம். மொத்தம் 60 ஆயிரம். "35-க்கு முடிஞ்சிரும்" என்று ஆரம்பித்தது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

மாதம் 5,000 மிச்சமாகும் என்றால், போட்ட பணம் திரும்ப 12 மாதம் ஆகும். அந்த இன்ஜின் ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாக ஓடினால்தான் லாபம். ஆறு மாதத்தில் அதுவும் புகைய ஆரம்பித்தால், இரண்டு தடவை செலவு செய்ததாக ஆகும். உங்கள் இன்ஜினையே பிரித்து வேலை செய்யவும் பல நேரம் இதே அளவு செலவுதான் வரும். இரண்டு வழிக்கும் எழுதிய எஸ்டிமேட் வாங்கி, கூலி, சாமான், லேத் செலவு என்று பிரித்துப் பாருங்கள்.

எல்லாம் சரி, அந்த எண் என்ன விஷயம்?

ஒவ்வொரு காருக்கும் இரண்டு அடையாளங்கள். ஒன்று சேஸிஸ் எண், இன்னொன்று இன்ஜின் எண். இரண்டும் ஆர்.சி.யில் இருக்கும். இன்ஜின் எண் பிளாக்கின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும். ஹெட், பிஸ்டன், கிராங்க், கார்புரேட்டர், இன்ஜெக்டர் எதை மாற்றினாலும் இந்த எண் மாறாது. பிளாக்கை மாற்றினால் மாறிவிடும்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்பது அடிப்படை விதி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றத்தை, செய்த 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும்.

எந்த அலுவலகம்? நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு உரியது. வண்டி டி.என். 30 எனச் சேலத்தில் பதிவாகியிருந்தாலும், இப்போது நீங்கள் திருச்செங்கோட்டில் இருந்தால் அங்கேதான் போக வேண்டும். பதிவு செய்த முதல் அலுவலகத்துக்கு அவர்கள் தகவல் அனுப்புவார்கள். வண்டி மேல் கடன் இருந்தால், பைனான்ஸ் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும்.

மீறினால்? 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

"யாருங்க பார்க்கப் போறாங்க?" என்று கேட்கலாம். ரோட்டில் யாரும் பானெட்டைத் திறந்து எண் பார்ப்பதில்லை, உண்மைதான். ஆனால் மூன்று இடங்களில் பார்ப்பார்கள். சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போது. வண்டியை விற்கும்போது, விவரம் தெரிந்தவர் வாங்க வந்தால். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்கும்போது. சர்வேயர் வந்து எண்களைச் சரிபார்த்து, பாலிசியில் ஒன்றும் வண்டியில் ஒன்றும் இருந்தால், அங்கேயே சிக்கல் ஆரம்பம். ஆர்.சி.யில் எண் மாறியதும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, பாலிசியிலும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சிலர் இதற்குக் குறுக்கு வழி சொல்வார்கள். "பழைய நம்பரை கிரைண்ட் பண்ணிட்டு, உங்க நம்பரையே பஞ்ச் பண்ணிக் குடுத்தர்றோங்க." தயவுசெய்து வேண்டாம். திருட்டு வண்டியைக் கண்டுபிடிக்கப் போலீஸ் முதலில் தேடும் அடையாளமே இப்படி அழித்து எழுதிய எண்தான். நேர்மையாக வாங்கிய பொருளைக்கூட இது திருட்டுப் பொருள் மாதிரி ஆக்கிவிடும்.

லாரிக்கு ஒரு விதி, காருக்கு ஒரு விதி

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரித் தொழில் தெரிந்தவர்கள், "லாரியில இன்ஜின் மாத்தறதெல்லாம் சகஜம்தானே?" என்று கேட்பார்கள். லாரி பாடி கட்டுவதில் பெயர் பெற்ற ஊர் நாமக்கல். ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு. அங்கே இன்ஜின் இறக்குவதும் ஏற்றுவதும் அன்றாட வேலை.

சட்டமும் அவர்களுக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. அதே 52-வது பிரிவின் 2-வது உட்பிரிவின்படி, 10-க்குக் குறையாத போக்குவரத்து வாகனங்கள் வைத்திருப்பவருக்கு, அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினை முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ள மாநில அரசு அறிவிப்பு மூலம் அதிகாரம் கொடுக்கலாம். அவர்களும் 14 நாட்களுக்குள் தெரிவித்தே ஆக வேண்டும். ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. லாரிக்காரர் செய்வதைப் பார்த்து கார்காரர் செய்தால் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

லாரிகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. டாடா மோட்டார்ஸ் போன்ற நிறுவனங்களே பழைய இன்ஜினை வாங்கிக்கொண்டு, தங்கள் பட்டறையில் புதுப்பித்த இன்ஜினைப் பில்லோடு மாற்றிக் கொடுக்கும் திட்டங்களை வைத்திருக்கின்றன. சின்ன பெட்ரோல் காருக்கு அப்படி எளிதான ஏற்பாடு இல்லை. அதனால்தான் கார்காரர் உதிரிச் சந்தைக்குப் போக வேண்டியிருக்கிறது.

இந்த இன்ஜின்கள் எங்கிருந்து வருகின்றன?

சென்னை புதுப்பேட்டையைத் தெரியாதவர் இருக்க முடியாது. பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிபாகமாக விற்கும் பெரிய சந்தை. அதே மாதிரி சிறிய கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. அங்கே வரும் இன்ஜின்களுக்கு மூன்று, நான்கு மூலங்கள் இருக்கின்றன.

விபத்தில் நொறுங்கிய கார்கள் முதல் வகை. பழுது பார்க்கும் செலவு, வண்டியின் இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதை முழு இழப்பாகக் கணக்கிடுவது வழக்கம். பின்னால் இருந்து இடிபட்ட வண்டி என்றால், முன்னால் இன்ஜின் நன்றாகவே இருக்கும். கிடைப்பதிலேயே நல்லது இதுதான்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் இரண்டாவது வகை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் உள்ளே போன பிறகு ஸ்டார்ட் செய்யப் பார்த்த இன்ஜினில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். வெளியே துடைத்து, பெயின்ட் அடித்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

வயதாகி உடைக்கப்பட்ட கார்கள் மூன்றாவது. அவற்றின் இன்ஜின், உங்களுடையதைப் போலவே தேய்ந்ததாக இருக்கலாம்.

நான்காவது வகையைச் சொல்லவே வேண்டியதில்லை. திருட்டு வண்டி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற முறையில் வாங்குவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "எனக்குத் தெரியாது" என்று சொல்ல உங்களிடம் பில் இருக்க வேண்டும். பில் இல்லாமல், சந்தை விலையில் கால்வாசிக்கு வாங்கிவிட்டு அப்படிச் சொல்வது கஷ்டம்.

இங்கே இன்னொரு 14 நாள் கணக்கும் இருக்கிறது. ஒரு வண்டி அழிந்துவிட்டாலோ, இனி ஓடவே முடியாது என்றாலோ, உரிமையாளர் 14 நாட்களுக்குள் அல்லது கூடிய விரைவில் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்று 55-வது பிரிவு சொல்கிறது. அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானால்தான், அதில் இருந்த இன்ஜின் எண் விடுபட்டு உங்கள் ஆர்.சி.க்கு வர முடியும். அவர் அதைச் செய்யவில்லை என்றால், ஒரே இன்ஜின் எண் இரண்டு வண்டிகளின் பெயரில் நிற்கும். உங்கள் விண்ணப்பம் நடுவழியில் நின்றுவிடும். நீங்கள் ஒழுங்காக இருந்தாலும், முகம் தெரியாத ஒருவர் செய்யாத வேலைக்கு நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

வாங்குவது என்றால், என்ன கேட்க வேண்டும்?

முதலில் காகிதம், அப்புறம் இன்ஜின். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கழற்றிய வண்டியின் பதிவு எண், ஆர்.சி. நகல், அது ரத்தான விவரம் மூன்றையும் கேளுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வழக்கமாகக் கேட்கப்படுபவை இவைதான். கூடவே, இன்ஜின் எண்ணைக் குறிப்பிட்ட கடை பில், உங்கள் இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ். பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பட்டியலைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்ஜின் எண்ணை நீங்களே உங்கள் கண்ணால் பாருங்கள். சுரண்டிய தடம், எழுத்து வரிசை கோணலாக இருப்பது, அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட் என எது தெரிந்தாலும் நடையைக் கட்டுங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' ஆன்லைன் சேவையில், பதிவு எண், சேஸிஸ் எண், இன்ஜின் எண் கொண்டு அது திருட்டு வண்டிப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடலாம். ஐந்து நிமிஷ வேலை.

பதிவு எண் கிடைத்தால் இன்னொரு லாபம். "50 ஆயிரம்தாங்க ஓடியிருக்கு" என்று கடைக்காரர் சொல்வதை, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் விசாரித்துச் சரிபார்க்க முயற்சி செய்யலாம்.

அடுத்து, அதே இன்ஜின்தானா? வெளியே பார்க்க ஒன்றுபோல இருப்பதை நம்பக் கூடாது. மாருதி ஆம்னியும் ஆல்டோவும் ஒரே 796 சிசி, மூன்று சிலிண்டர். ஆனால் ஆம்னியில் 6 வால்வு எஃப்8பி, ஆல்டோவில் 12 வால்வு எஃப்8டி. டீசலில் 1.3 லிட்டர் மல்டிஜெட் குடும்ப இன்ஜின் ஸ்விஃப்டிலும் இருந்தது, டாடா இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது. மெக்கானிக் மாட்டிக்கூடக் கொடுத்துவிடுவார். ஆர்.சி.யில் ஏறுமா என்பதுதான் கேள்வி. தயாரிப்பு, மாடல், எரிபொருள், பாரத் ஸ்டேஜ் நான்கும் ஒத்துப்போக வேண்டும். நாடு முழுக்க பி.எஸ். 4 வந்தது 2017 ஏப்ரலில், பி.எஸ். 6 வந்தது 2020 ஏப்ரலில். இந்தத் தேதிகளுக்கு முன்னும் பின்னும் வந்த இன்ஜின்களில் சென்சார், வயரிங் மாறியிருக்கும்.

இதெல்லாம் சரி என்றால், இன்ஜினைச் சோதியுங்கள். கிராங்க் கையால் சுற்றும்போது தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும். ஆயில் மூடியைத் திறந்தால் காபியில் பால் கலந்த மாதிரி நுரை இருக்கக் கூடாது; இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சம்ப்பைக் கழற்றச் சொல்லி, அடியில் சேறோ, மினுமினுக்கும் உலோகத் தூளோ இருக்கிறதா பாருங்கள். ஸ்பார்க் பிளக் குழியில் துரு இருந்தால் வெள்ளத்தில் நின்றதோ என்று சந்தேகப்படுங்கள். கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓட வைத்து, கம்ப்ரஷன் பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். "அதெல்லாம் பார்க்க முடியாதுங்க, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றால் வேறு கடை பாருங்கள்.

வாரன்டி வாய் வார்த்தையாக இருந்தால் பயனில்லை. எத்தனை நாள், என்ன ஆனால் மாற்றித் தருவார் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பில் கையில் இருந்தால், ஏமாற்றப்பட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

மாட்டும்போது ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, சரியான கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும் ஊற்றச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. எனவே பெட்ரோல் ஹோஸ், ரப்பர் சீல்களையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

அரசின் கொள்கை எந்தப் பக்கம் தள்ளுகிறது?

பழைய கார் வைத்திருப்பதன் செலவு கூடிக்கொண்டே போகிறது. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆக்கப்பட்டது. டெல்லியில் போல வயதை வைத்து வண்டியை ஓரங்கட்டும் தடை தமிழ்நாட்டில் இல்லை. தகுதி இருந்தால் ஓட்டலாம்.

இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. உதிரிபாகங்களுக்கும் 18 சதவீதம் என்று ஆனது. இதில் இரண்டு விளைவு. புது பிஸ்டன், ரிங், பேரிங் வாங்குவோருக்கு வரிச் சுமை கொஞ்சம் குறைவு. ஆனால் புது கார் விலை இறங்கும்போது, பழைய காரின் சந்தை மதிப்பும் இறங்கும். அதன் மேல் எவ்வளவு செலவு செய்யலாம் என்ற எல்லையும் சேர்ந்தே இறங்குகிறது.

பழைய வாகனங்களை முறையாக உடைப்பதற்கான விதிகள் 2021-ல் வந்தன. 2025 ஏப்ரல் 1 முதல், வாகன உற்பத்தியாளர்களுக்கும் இதில் பொறுப்பு தரும் சுற்றுச்சூழல் விதிகள் அமலுக்கு வந்திருக்கின்றன. ஆனால் அவர்களுக்கான இலக்கு எஃகின் எடையில்தான் இருக்கிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 8 சதவீதம். எவ்வளவு இரும்பு உருக்கப்பட்டது என்பதற்குக் கணக்கு உண்டு. நன்றாக ஓடும் ஒரு இன்ஜின், அதன் எண்ணும் ரத்தான ஆர்.சி.யும் பில்லுமாக இன்னொரு காருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அப்படி ஒரு இலக்கு இல்லை.

சாமானியருக்குத் தேவையானது அதுதான். உடைக்கும் மையமே சோதித்து, எண்ணைப் பதிவு செய்து விற்றால், திருட்டு இன்ஜினுக்குச் சந்தை குறையும், கார்காரருக்கு அலைச்சலும் குறையும். அது வரும் வரை, காகிதம் தேடும் வேலை வாங்குபவர் தலையில்தான்.

அப்போ என்னதான் செய்வது?

செலவு, காரின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டினால் இன்ஜின் வேலையே வேண்டாம். வண்டியை அப்படியே விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு சேர்த்து வேறு பார்ப்பது புத்திசாலித்தனம். பாடி துருப்பிடித்து, சஸ்பென்ஷனும் போயிருந்தாலும் இதே பதில்தான்.

பாடி நன்றாக இருந்து, இன்னும் மூன்று, நான்கு வருஷம் ஓட்டுவீர்கள் என்றால், முதலில் உங்கள் இன்ஜினையே பிரித்து வேலை செய்யும் எஸ்டிமேட்டை வாங்குங்கள். இந்த விஷயத்தில் சேலம், நாமக்கல்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். லாரியும் ரிக்கும் வளர்த்துவிட்ட லேத் பட்டறைகள் இங்கே இருக்கின்றன. போர் போடவும், கிராங்க் கிரைண்டிங் செய்யவும் வெளியூர் போக வேண்டியதில்லை. பிளாக் மாறாது, எண் மாறாது, ஆர்.டி.ஓ. அலைச்சல் இல்லை. உள்ளே என்ன போட்டார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பிளாக்கே வெடித்துவிட்டது, அல்லது ராடு முறிந்து ஓட்டை போட்டுவிட்டது என்றால் பழைய இன்ஜின் நியாயமான வழிதான். அப்போதும், கழற்றிய வண்டியின் ஆர்.சி. ரத்தான விவரமும், எண் போட்ட பில்லும் கையில் கொடுத்தால் மட்டும். அவை இல்லாத இன்ஜின் 20 ஆயிரத்துக்குக் கிடைத்தாலும் அது மலிவு இல்லை.

அடுத்த தடவை மெக்கானிக், "ரெண்டே நாள்ல மாட்டிறலாங்க" என்று சொன்னால், விலையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்ஜின் எந்த வண்டியில இருந்து வந்ததுங்ணா? அந்த வண்டி ஆர்.சி. இருக்குதுங்களா?" அவர் சொல்லும் பதிலிலேயே பாதி முடிவு கிடைத்துவிடும்.